ஒரே நாளில் புதுச்சேரியின் பழைய வீடுகள், அருங்காட்சியகம், பூங்கா: அக்காவோடு எப்படிப் பார்ப்பது?

முதுநகர்வாசி எழுதியது:

வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறேன். அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா வருகிறார். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலி உண்டு. ஆனாலும் நிழலில் மெதுவாக நடப்பார், உட்கார இடம் கிடைத்தால் வரையத் தொடங்கிவிடுவார்.

அவர் கேட்பது ஒன்றுதான்: "கடற்கரையும் கடைத்தெருவும் வேண்டாம். பழைய வீடுகளையும் சிலைகளையும் மரங்களையும் காட்டு." சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா வேனில் இருவரும் வந்தோம். மஞ்சள் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார்கள், ஏறச் சொன்னார்கள், மறுபடியும் ஒரு மஞ்சள் சுவர். அருங்காட்சியகத்துக்குப் போனால் அன்று திங்கட்கிழமை, கதவு பூட்டியிருந்தது. அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு அந்த வழிகாட்டி பதிலே சொல்லவில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் ஊர் திரும்பினார். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்கு மனமில்லை.

காலையில் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பிவிட வேண்டும். எந்த வரிசையில் பார்ப்பது? எந்த வீடுகளுக்குள் போக முடியும்? ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்தால் யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்களா? ஊரில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


முத்தியால்பேட்டை எழுதியது:

திங்கட்கிழமை வேண்டாம், அது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம் அம்மா. காந்தி வீதி முழுக்க ஞாயிறு சந்தை பரவிக் கிடக்கும், முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தைக் கடக்க முடியாது. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் பாருங்கள். அருங்காட்சியகத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

பாரதியார் வீட்டை விட்டுவிடாதீர்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் அவர் இந்த ஊரில் வாழ்ந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகம்தான். இரண்டு வீடுகளையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.


காரைப்பூச்சு எழுதியது:

வணக்கம் அம்மா. பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரை பூசும் வேலையை மேற்பார்வை பார்த்தே என் வாழ்நாள் போயிற்று. உங்கள் அக்காவைப் போல நின்று பார்க்கிறவர்களுக்கு வழி சொல்வது எனக்குப் பிடித்த காரியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கத்து வெள்ளை நகரத்தில்தான் முதலில் இறங்குகிறார்கள். நீங்கள் மேற்கே தொடங்குங்கள். வெள்ளை நகரத்து வீடு வீதிக்கு முதுகைக் காட்டி நிற்பது. உயரமான மதில், வளைவு வைத்த வாயில். தோட்டம் எல்லாம் உள்ளே. வீட்டுக்காரர் கதவைத் திறந்தால் ஒழிய உங்களுக்குக் கிடைப்பது சுவர் மட்டுமே. உங்கள் வேன்காரர் காட்டியதும் அதைத்தான். தமிழ்ப் பகுதி வீடு வீதியைப் பார்த்துப் பேசும். முதலில் மரத்தூண்களின் மேல் வீதியோரமாக இறங்கும் தாழ்வாரம்; வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்குவதற்கு. அடுத்து திண்ணை, வந்தவர் உட்காருவதற்கு. அதற்கப்புறம்தான் கதவு. கதவைத் தாண்டி நடை, நடையைத் தாண்டி முற்றம். வெளியே நின்றாலே பாதி வீடு புரிந்துவிடும்.

காலை எட்டரைக்குள் வைசியாள் வீதிக்கு வந்துவிடுங்கள். கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்றும் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். அங்கே ஒரு பகுதியின் முகப்புகளை, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று சீர்செய்தது. 2008-இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளில் இடமும் கிடைத்தது. ஒரு வீடு மட்டும் மீண்டிருந்தால் எனக்கு இத்தனை மகிழ்ச்சி இராது. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் ஒரே கோட்டில் ஓடுவதைத் தெருக்கோடியில் நின்று பாருங்கள். ஓவிய ஆசிரியைக்கு அந்தக் கோடு போதும்.

அங்கே ஏதாவது ஒரு வாசலில் கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். விளக்கு வைக்கும் மாடக்குழி இருக்கும். அதன் மேல் வளைவில் எண்ணெய்ப் புகை படிந்த கருப்பு, சுண்ணாம்புக்குள்ளேயே இறங்கியிருக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது மெல்ல மேலே வந்துவிடும். சுவரை உள்ளங்கையால் தொடுங்கள். நல்ல காரைச்சுவர் வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்போம். மேல்பூச்சுக்கு இன்னும் நைசாக அரைத்த சுண்ணாம்பு. சில வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். பூசிய பின் கூழாங்கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பளபளப்பு வரும்வரை. அந்தப் பளபளப்பில் உங்கள் நிழல் தெரிந்தால் கொத்தனார் தேர்ந்த ஆள்.

அதே வீதியில் சில சுவர்களில் அடிப்பகுதி மட்டும் உப்புப் பூத்து உதிர்ந்திருப்பதையும் காண்பீர்கள். பெரும்பாலும் அங்கே பழுதுபார்க்கிறேன் என்று சிமென்ட் பூசியிருப்பார்கள். கடலோர ஊர், தரையிலிருந்து ஈரமும் உப்பும் செங்கல்லுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு கட்டி, செங்கல் மாவாகிவிடும். மேலே பார்த்தால் சுவர் உறுதியாகத் தெரியும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும். இதை வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அடுக்குமாடிக்காக இடிபடும் வீடுகள் ஒரு பக்கம் என்றால், நல்ல எண்ணத்தோடு பூசிய சிமென்டால் சாகும் வீடுகள் இன்னொரு பக்கம். பின்னதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அங்கிருந்து பாரதியார் வீட்டுக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். புகைப்படங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து கூரையையும் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் தளம் என்று ஒன்று உண்டு. தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக, சட்டத்துக்குக் கோணலாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது. கீழிருந்து பார்த்தால் சட்டங்களின் வரிசை மட்டும் கோடுகோடாகத் தெரியும்.

ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அவர் பெயரைத் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தவர். 1738 வாக்கில் கட்டிய வீடு. கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளம் பிரெஞ்சு வீடு; காரை பூசிய உருண்டைத் தூண்கள். இரண்டு ஊர்க் கொத்தனார்களும் ஒரே சுவரில் கை வைத்த மாதிரி இருக்கும். 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். அதே மாதம் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிறகு அவர்கள் பிரெஞ்சுக் கட்டடங்களையும் கோட்டையையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பின்னர் எழுந்தவைதாம் நீங்கள் இன்று வெள்ளை நகரத்தில் காண்பவற்றில் பெரும்பாலானவை. அப்படியென்றால் பிள்ளையின் வீடு எத்தனை மூத்தது என்று பாருங்கள். உள்ளே போக முன்அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் வெளியே ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகருங்கள். மார்க்கெட் நெரிசல், உட்கார்ந்து வரைய இடம் அல்ல.

பதினொரு மணிக்குள் பாரதி பூங்காவுக்குப் போய்விட்டால் பக்கத்திலேயே அருங்காட்சியகம். சோழர் கால வெண்கலங்களுக்கு நேரம் கொடுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலிகள், பல்லக்கு, ஆள் தள்ளிச் செல்லும் புஸ்புஸ் வண்டி எல்லாம் உண்டு. ஆனால் ஊருக்குத் தெற்கே இருந்த பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டின் மணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அக்காவை நிறுத்திவிட்டு நீங்கள் சற்று ஒதுங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி மணி, சூதுபவளம், பளிங்கு. கடுகளவு மணியில்கூட நூல் கோக்கத் துளை. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டங்களின் சில்லுகள் கிடைத்தன. அவற்றை வைத்துத்தான் அந்தத் துறைமுகத்தின் காலத்தைக் கணித்தார். ரோமானியச் சாடிகளின் உடைசல்களும் உண்டு. அரிக்கமேட்டுக்கே போகலாமா என்று தோன்றும். ஒரு நாள் பயணத்தில் வேண்டாம். ஆற்றோரத் தோப்பில் சில இடிந்த சுவர்கள்தாம் நிற்கின்றன, அவையும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டியவை. தோண்டியெடுத்தது இங்கே இருக்கிறது.

பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் பெயர் அதற்கு. அரசன் பெயரோ கவர்னர் பெயரோ அல்ல, ஒரு பெண்ணின் பெயர். எங்கள் அரசாங்க முத்திரையிலும் அந்த மண்டபம்தான். மரநிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன. அக்கா வரைவதானால் இதுதான் இடம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

மாலையில் தாவரவியல் பூங்கா. பஸ் நிலையத்துக்கு அருகில் என்பதால் அதைக் கடைசியில் வைத்தால் அப்படியே ஊர் திரும்பலாம். 1826-இல் தொடங்கியது. பிறகு பெரொத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பல நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து வளர்த்தார். நான்கு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள்.


முதுநகர்வாசி எழுதியது:

ஐயா, படித்துக் காட்டினேன். சிமென்ட் பூச்சு பற்றிய பத்தியை அக்கா இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். மிக்க நன்றி.

இரண்டு கேள்விகள். அருங்காட்சியகம் மதியம் மூடியிருக்கும் நேரத்தில் நிழலில் எங்கே இருப்பது? பூக்கள் எங்கேயாவது நன்றாக வரைய அகப்படுமா என்றும் கேட்கச் சொன்னார். கடலூரிலும் பழைய வீடு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?


நூலகப்படி எழுதியது:

பூ என்று கேட்டதால் எழுதுகிறேன் அக்கா. அரவிந்தர் ஆசிரமத்தின் முற்றத்துக்குப் போங்கள். பாரதி பூங்காவிலிருந்து பக்கம்தான். அரவிந்தரும் அன்னையும் அடங்கிய சமாதியின் மேல் தினமும் புதிதாகப் பூ அலங்காரம் செய்வார்கள். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எந்த இதழ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருப்பார்கள். மேலே ஒரு பெரிய பெருங்கொன்றை மரம் குடை பிடித்து நிற்கிறது. பூக்கும் காலமானால் மஞ்சள் இதழ்கள் உதிர்ந்து அந்த அலங்காரத்தின் மேலேயே விழும். உள்ளே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அங்கே உட்கார்ந்து வரைவதும் மற்றவர்களின் தியானத்துக்கு இடைஞ்சல். ஓரமாக உட்கார்ந்து கண்ணால் வாங்கிக்கொண்டு, பூங்காவுக்குத் திரும்பி வரையட்டும். அவரைப் போன்ற ஆசிரியைக்கு அது கைவந்த கலையாகத்தான் இருக்கும். ஆசிரமமும் மதியத்தில் மூடுவதால் பன்னிரண்டுக்கு முன்பே போய்விடுங்கள்.

மதிய நேரத்துக்கு ஒரு வழி: பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் என்ற பழைய வீடு இப்போது தங்கும் விடுதி. அங்கே சாப்பிட உட்கார்ந்தால் முற்றத்தையும் தூண்களையும் நிதானமாகப் பார்க்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வீட்டின் உள்புறம் முழுவதையும் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியையும் வெளியிலிருந்தாவது காட்டுங்கள். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். ஜன்னலுக்குப் பதிலாக சுவர் முழுக்கத் திறந்து மூடும் கிடைமட்டத் தகடுகள். திறந்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மின்விசிறி தேவைப்படாத அளவுக்கு யோசித்த வீடு. காரைப்பூச்சு ஐயா கான்கிரீட்டை மெச்சமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.


கெடிலக்கரை எழுதியது:

கடலூரை அதே நாளில் சேர்க்காதீர்கள். உங்கள் ஊர்தானே, மறுநாள் காலை ஓர் அரைநாள் ஒதுக்குங்கள். ஆனால் சேர்த்துப் பார்க்க வேண்டிய கதை அது. புதுச்சேரியில் அக்கா கேட்கப்போகும் கேள்விக்கு விடை நம் தேவனாம்பட்டினத்தில் கிடக்கிறது.

செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து 1690-இல் ஆங்கிலேயர் அங்கிருந்த கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை அவர்களுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று சொல்லிவந்தார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம், 1752 வரை. துய்ப்ளேக்ஸ் பிடிக்கப் பார்த்தும் முடியவில்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார். பிடித்து, கோட்டையை இடித்தார். மூன்று ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியை ஆங்கிலேயர் இடித்தது அதற்குப் பழிவாங்கத்தான். வெள்ளை நகரத்தில் ஆனந்தரங்கப்பிள்ளை காலத்து வீடுகள் ஏன் இல்லை என்று அக்கா கேட்டால், கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எஞ்சி நிற்கும் அந்தச் செங்கல் சுவர்களைக் காட்டுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் கார்டன் ஹவுஸ் இருக்கிறது. கோட்டை அதிகாரிகள் கோட்டைக்கு வெளியே தோட்டத்தோடு கட்டிக்கொண்ட மாளிகை. 1756-இல் இக்கோட்டையின் பொறுப்பில் இருந்த ராபர்ட் கிளைவ் அங்கே வாழ்ந்தார். பிற்காலத்தில் கலெக்டரின் குடியிருப்பு. பொதுமக்கள் உள்ளே சுற்றிப் பார்க்கும் இடம் இல்லை, சாலையிலிருந்து பார்க்கலாம். கடலூரில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது, சிறியது, கூட்டம் இருக்காது.

பாரதியார் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதால் இதையும் சொல்கிறேன். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் அவரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். பத்தாண்டுகள் பிரெஞ்சு மண்ணில் இருந்தவரை, நம் ஊருக்கு வந்த வேகத்தில் பிடித்துக்கொண்டார்கள். முதல் நாள் அவர் வாழ்ந்த வீடு, மறுநாள் அவர் அடைபட்ட ஊர் என்று பார்த்தால் அந்த இருபத்திரண்டு கிலோமீட்டர் சாலை வேறு மாதிரி தெரியும்.


காரைப்பூச்சு எழுதியது:

கெடிலக்கரை சொன்னதுதான் சரி, கடலூரை மறுநாளைக்கு வையுங்கள். நூலகப்படி அம்மா, கோல்கொண்டை நான் மெச்சாமல் இல்லை. காற்று எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக் கட்டிய எவரும் எனக்கு உறவினர்தான்.

முதுநகர்வாசி அம்மாவுக்கு இன்னும் சில வார்த்தை. கடற்கரை வேண்டாம் என்றீர்கள். ஆனால் பூங்காவிலிருந்து கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரி கட்டடம்வரை ஆட்டோவில் போய்விட்டு வாருங்கள். 1870-71-இல் கட்டிய நகராட்சி மண்டபம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. செய்தி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். உத்தரக் கட்டைகள் ஈரத்தில் ஊறி, பிடித்தால் கையோடு வந்தன. பழைய உருவத்திலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். முகப்பை மட்டும் பாருங்கள், போதும்.

அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். காலையில் மழை பிடித்தால் வரிசையை மாற்றி, பத்து மணிக்கு நேரே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, மழை விட்டபின் வைசியாள் வீதிக்கு வாருங்கள். அன்று தாழ்வாரத்தின் பயனும் கண்ணெதிரே தெரியும். தாவரவியல் பூங்காவை மழையில் விட்டுவிடலாம், மண்பாதை வழுக்கும். ஆட்டோவை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பேசாமல், காலை நான்கு மணி நேரத்துக்கு ஒரே ஆளாகப் பேசிக்கொள்ளுங்கள். ஏறும் முன்பே தொகையை முடிவு செய்துவிடுங்கள். திண்ணையில் உட்கார வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வரைகிறவர் என்று சொன்னால் பெரும்பாலும் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகை அனுமதிக்கு இப்போதே விசாரித்துவிடுங்கள், முதல் நாள் கேட்டால் நடக்காது.